தினம் முப்பத்தெட்டு கிலோ

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன். நீ எடுப்பதில்லை. நேற்றிலிருந்து மணி அடிக்காமலேயே வெட்டுகிறது, என் எண்ணைத் தடுத்துவிட்டாய் போல. சரி. தபால்காரரைத் தடுக்க முடியாதல்லவா.

மாப்பிள்ளை உன்னிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் நேராகச் சொல்கிறேன். எங்கள் ஆலையில் பாலைச் சுண்டவைத்து, கோபுர உச்சியிலிருந்து சூடான காற்றில் தெளிக்கிறோம். விழும்போதே காய்ந்து பவுடராகிறது. உள்ளே எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரியும். பேக்கிங் கூடத்தில் எவ்வளவு பையில் அடைபடுகிறது என்றும் தெரியும். வழக்கமான சேதம் எவ்வளவு என்றும் தெரியும். ஜனவரி ஐந்தாம் தேதி, பராமரிப்பு வேலை முடிந்து ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, அதற்கு மேலும் தினம் முப்பத்தெட்டு கிலோ குறைகிறது. ஒரு நாள் முப்பத்தாறு, ஒரு நாள் நாற்பது. சராசரி முப்பத்தெட்டு.

தராசுகளைச் சோதித்தேன். ஈரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டேன். புகைபோக்கியில் போகிறதா என்று அளந்தேன், இல்லை. வரைபடத்தை விரித்து ஒவ்வொரு குழாயாகச் சரிபார்த்தேன், கசிவு இல்லை. மிச்சம் பேக்கிங் கூடம் ஒன்றுதான். அறிக்கையில் எழுதினேன்: "ஆட்கள் எடுத்துச் செல்வது தவிர வேறு விளக்கம் இல்லை." யார் பெயரையும் எழுதவில்லை. பேக்கிங் போர்மேன் உன் வீட்டுக்காரர் என்பது என் குற்றமா?

மூன்றாம் தேதி அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். 22ஆம் தேதி விசாரணை. திருட்டு என்று முடிவானால் வேலை போய்விடும், வேறு எந்த ஆலையும் எடுக்காது. எனக்கும் இது இனிப்பாக இல்லை.

கேட்டில் அவரைப் பார்த்தேன். குடியிருப்பு அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மச்சான், உங்க கணக்குல நான் எத்தனை கிலோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

போனை எடு.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

("அன்புள்ள" இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஸ்டாக் இல்லை.)

நீ கேட்காததையும் சொல்கிறேன். அவர் இப்போதும் ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, யூனிபார்ம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஷூவுக்குப் பதில் செருப்போடு நாற்காலியில் உட்காருகிறார். எங்கே போக என்று அவருக்கே தெரியவில்லை. எதிர் வீட்டு டீச்சர் மாடிப்படியில் நின்று, "என்ன சார், லீவா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. நீ சொல்ல வைத்தாய்.

தினம் முப்பத்தெட்டு கிலோவை அவர் எதில் எடுத்துப் போனார் என்று நினைத்தாய், டிபன் பாக்ஸிலா? மனிதர் எடையே ஐம்பத்தாறு. கேட்டில் எல்லோருடைய பையையும் திறந்து பார்க்கிறார்கள் என்று நீதானே பெருமையாகச் சொல்வாய்?

ஒரே ஒரு காரியம் செய். தராசில் கோளாறு இருக்கலாம், அளவுகளை நம்ப முடியாது என்று மேனேஜருக்கு ஒரு வரி எழுதிக் கொடு. அவ்வளவு பெரிய ஆலைக்கு முப்பத்தெட்டு கிலோ தூசு. உனக்கு ஒரு வரி. எங்களுக்கு அதுதான் வாழ்க்கை.

எழுத மாட்டாய் என்றால் கடிதமும் எழுதாதே.

தங்கை


மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

எழுத மாட்டேன். ஆனாலும் கடிதம் எழுதுகிறேன்.

தராசு சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதைக் கோளாறு என்று எழுதினால், நாளைக்கு நான் எழுதும் எதையும் யார் நம்புவார்கள்? ஆலையில் எனக்கே "தராசு" என்றுதான் பட்டப்பெயர். பாராட்டி வைத்ததில்லை என்பதும் தெரியும்.

நீ கேட்பது ஒரு வரி இல்லை. பொருள் சும்மா மறையும் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறாய். மறையாது. உருமாறும், இடம் மாறும், இல்லாமல் போகாது. என் படிப்பில் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பேன், அந்த விதியை விட்டால் எனக்கு நிற்க இடமில்லை. அது தங்கை வீட்டுக்காரருக்காக வளையாது.

நான் அலட்சியமாகப் பார்த்ததாக நினைக்காதே. எங்கள் வரைபட அறையில் ஒரு வழக்கம். செய்ய வேண்டிய வேலையை நீலப் பென்சிலில் வரைவோம். செய்து முடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதன்மேல் சிவப்பு ஓட்டுவோம். சிவப்பு என்றால் முடிந்தது, பேச்சில்லை. ஜனவரியில் பழைய காற்றுக் குழாயைத் தகடு போட்டு அடைத்தது வரை எல்லாம் சிவப்பு. பவுடர் போக வழியே இல்லை.

நீ நாலு வருஷமாக "அறிவியலில் கொள்கைகளின் இடம்" என்று ஆராய்ச்சி செய்கிறாய். கேட்கிறேனே, உன் தத்துவத் துறையில் எந்தக் கொள்கையாவது ஒரு பல்பை எரித்திருக்கிறதா? எங்கள் துறையில் கொள்கை என்றால் அதற்கு எண் வேண்டும். எண்ணோடு வா, பேசுவோம்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், "உங்கண்ணன் சொல்றது சரிதானே" என்கிறார்.

"நீங்க யார் பக்கம்?"

"பவுடர் குறையுதுன்னா குறையுது. எனக்கே தெரியும். ஷிப்ட் முடியறப்ப நிக்கற அடுக்குல தினம் ஒண்ணரைப் பை கம்மி. ஜனவரியிலேர்ந்தே."

"அப்ப எங்கதான் போகுது?"

"அதை யாரும் என்கிட்ட கேக்கலையே. எடுத்தியான்னுதான் கேட்டாங்க."

அப்புறம் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. முதலில் என் தப்பு. தராசு கெட்டது என்று உன்னை எழுதச் சொன்னேன். வீட்டுக்காரருக்காக என் நாலு வருஷ ஆராய்ச்சியையும் சேர்த்துக் குப்பையில் போடப் பார்த்தேன். வாபஸ். எழுதாதே. உன் விதியை விடாதே.

ஆனால் நீ அதைப் பாதிதான் நம்புகிறாய் அண்ணா. பொருள் மறையாது என்று மார்தட்டுகிறாய். "திருட்டு" என்று எழுதியதும் பேனாவை மூடிவிட்டாய். திருடினால் பவுடர் இல்லாமல் போய்விடுமா? எங்கேயாவது இருக்க வேண்டும், யாராவது தூக்கியிருக்க வேண்டும், எதிலாவது ஏற்றியிருக்க வேண்டும். அதையெல்லாம் நீ எண்ணவில்லை. திருட்டு உனக்குக் கிடைத்த பதில் இல்லை, நீ எண்ணுவதை நிறுத்திய இடம்.

பல்பு கேட்டாயே. நூறு வருஷத்துக்கு முன்னால் அணுக்கரு ஆராய்ச்சியில் ஆற்றல் கணக்கு உதைத்தது. வெளியே வந்தது கொஞ்சம் குறைந்தது. விதியையே விட்டுவிடலாம் என்றார் ஒரு பெரிய மேதை. இன்னொருவர் விடவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு துகள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றார். அதோடு நிறுத்தாமல், அதற்கு மின்னூட்டம் இருக்காது, எடை அநேகமாக இருக்காது, என்று குணம் குணமாகச் சொன்னார். கால் நூற்றாண்டு கழித்து அகப்பட்டது, அவர் சொன்ன குணத்தோடேயே. கொள்கை உனக்கு ஆளைக் காட்டாது. நீ தேடுகிற இடம் எப்படி இருந்தாக வேண்டும் என்று மட்டும் சொல்லும். அதுவரைக்கும் தேடு என்றும் சொல்லும்.

எண் கேட்டாய். நான் கேட்கிறேன், நீ சொல். இத்தனை நாளில் மொத்தம் எத்தனை கிலோ? அது எவ்வளவு இடத்தை அடைக்கும்? அவ்வளவு பெரிய இடம் உன் ஆலையில் எது?

இன்னொன்று. அவர் பிப்ரவரியில் இரண்டு தடவை ஷிப்ட் புத்தகத்தில் எழுதினாராம்: "கூடத்தின் மேற்கூரை முனகுகிறது." கீழே உன் கையெழுத்தில், "பிறகு பார்க்கலாம்." பிறகு வந்துவிட்டது. பார்.

தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

வேகமாக எழுதுகிறேன். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார்.

ஜனவரி 5 முதல் இன்று வரை எழுபத்திரண்டு நாள். முப்பத்தெட்டால் பெருக்கினால் 2,736 கிலோ. பவுடர் கனமில்லாதது, அவ்வளவும் ஐந்தரைக் கன மீட்டரை அடைக்கும். ஒரு சின்ன லாரி. அதை யாரும் பையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்தப் பெருக்கலை நான் ஒரு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தினம் முப்பத்தெட்டு என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக் கன மீட்டர், மூடிய இடம், பவுடர் கலந்த காற்று போய்த் தொடுகிற இடம். ஆலை முழுக்க அப்படி ஒன்றுதான் இருக்கிறது. பேக்கிங் கூடத்தின் கூரைக்கு மேலே போகும் பழைய காற்றுக் குழாய். அறுபது சென்டிமீட்டர் குறுக்களவு, இருபத்திரண்டு மீட்டர் நீளம். ஆறு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அதன் வாய் அடைத்தாயிற்றே, சிவப்புக் கோடு இருக்கிறதே.

ஸ்டோருக்குப் போனேன். "அந்தத் தகடா சார்?" என்றார் ஸ்டோர்காரர். "இங்கதான் இருக்கு. டேக் கூட கழட்டலை. யாரும் வாங்க வரலையே."

ஜனவரி நாலாம் தேதி மதியம். மறுநாள் ஆலை ஓட வேண்டும். வெல்டர், "காலைல முதல் வேலையா போட்டுடறேன் சார்" என்றார். நான் அங்கேயே சிவப்புப் பென்சிலை எடுத்து ஓட்டிவிட்டேன். மறுநாள் அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோட்டைக் காட்டித்தான் "வேறு விளக்கம் இல்லை" என்று எழுதினேன். என் கோட்டை நானே சாட்சியாகக் கூப்பிட்டேன்.

மேனேஜரிடம் போனேன்.

"வேற தகடு போட்டிருக்கலாமில்ல?" என்றார். வெல்டர் வேலையை விட்டுப் போய்விட்டார், கேட்க ஆளில்லை. "விசாரணை முடியட்டும், அப்புறம் திறக்கலாம்."

"சார், பால் பவுடர் தேங்கினா தானாவே சூடேறும், தீப்பிடிக்கும். கீழ பதினெட்டு பேர் வேலை செய்றாங்க. இன்னைக்கே நிறுத்தணும்."

"திறந்து, ஒண்ணுமில்லைன்னா?"

"என் ராஜினாமா."

"இருந்துட்டா?"

"இருந்தா தப்பு என்னுது."

"என்னய்யா, ரெண்டு பக்கமும் நீயே நிக்கறே."

கூடத்தைக் காலி செய்தாயிற்று. இன்று மாலை ஆலை நிற்கிறது. ஆறவிட்டு, 20ஆம் தேதி காலை திறக்கிறோம். மேனேஜர் அறைப் பலகையில் என் கையால் 2,736 என்று எழுதிவிட்டு வந்தேன். திறக்கும் முன்பே எழுதினேன். உனக்கும் எழுதுகிறேன், நீ சாட்சி.

அண்ணன்


மார்ச் 18

அண்ணனுக்கு,

அவர் சொல்லச் சொன்னது, வார்த்தை மாறாமல்: "குழாயை நடுவுல வெட்ட வேண்டாம். அப்படியே கொட்டினா பாதி காத்துல போகும், எடை வராது. வால் பக்கமா ஒரு கதவு இருக்கு, அதுல துணிக்குழல் கட்டி நேரா பையில இறக்கச் சொல்லு. ஒவ்வொரு பையும் இருபத்தஞ்சு. நம்பர் போட்டுத் தைக்கச் சொல்லு. தைக்கற அக்காவைத் தவிர வேற யாரும் மெஷின்ல கை வைக்கக் கூடாது."

பேசி முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி ஷூ போட்டுக்கொண்டார். எங்கே என்றேன். "சும்மா, நடக்க" என்றார்.

என் பங்குக்கு: எண் சின்னதாக வந்தாலும் அதையே எழுது.

தங்கை


மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

வந்தது. முழுக்க வந்தது. உட்கார்ந்து எழுத முடியவில்லை, ஜன்னல் திண்டில் வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன்.

கூரைப் பலகைகளைக் கழற்றியதுமே பாதி தெரிந்துவிட்டது. குழாயைத் தாங்கும் கம்பிகளில் மூன்று வளைந்திருந்தன. மாப்பிள்ளை கேட்ட முனகல் அதுதான். பேக்கிங் பெண்களை வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். பதினெட்டுப் பேரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கேட்டில் நிற்கிறார்கள். "எங்க போர்மேனைத் திருடன்னீங்கல்ல, எண்ணறப்ப நாங்க இருக்கணும்" என்றார் தையல் மெஷின் அக்கா. கேட்டைத் திறக்கச் சொன்னேன்.

வால் கதவில் துணிக்குழல் கட்டினோம். போல்ட்டை நானே திருகினேன். ஒரு நிமிஷம் ஒன்றும் வரவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். மரச் சுத்தியலால் இரண்டு தட்டு. அப்புறம் வந்தது பார், தண்ணீர் மாதிரி. முதல் பை நிரம்ப ஏழு விநாடி.

அவர்கள் சத்தம் போட்டு எண்ணினார்கள். ஐம்பதில் மேனேஜர் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். எழுபதுக்கு மேல் குழாயின் நடுப்பகுதி. பவுடர் பழுப்பாக வந்தது, கட்டி கட்டியாக, கருகிய பால் வாசனையோடு. கையில் எடுத்தேன். ஆலை நின்று இரண்டரை நாளாகியும் சூடு. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பமில்லை. அந்தப் பைகளை வெளியே மைதானத்தில் பரப்பினோம். அப்போதிலிருந்து மேனேஜர் நாற்காலியில் உட்காரவில்லை.

நூற்றுப் பதினொரு பை, அதற்கு மேல் இருபத்தொரு கிலோ. 2,796.

"அறுபது கிலோ அதிகமா இருக்கே, அதுவும் உங்க விதியா?" என்றார் மேனேஜர்.

"ஈரம் சார். மூணு சதவீதத்தோட போன பவுடர், அங்கயே கிடந்து காத்துலேர்ந்து குடிச்சிருக்கும்."

ஆய்வகத்துக்கு அனுப்பினோம். சராசரி ஈரம் ஐந்து சதவீதம் என்று வந்தது. கழித்துப் போட்டால் 2,738. பலகையில் நான் எழுதியது 2,736. இவ்வளவு கிட்டத்தில் வந்தது அதிர்ஷ்டம், ஐம்பது கிலோ தள்ளி வந்திருந்தாலும் குதித்திருப்பேன். அந்த இரண்டு கிலோ யாருடையது என்று நான் அறிக்கை எழுதப் போவதில்லை.

தையல் மெஷின் அக்கா கடைசிப் பையைத் தைத்து நூலைக் கத்தரித்துவிட்டுக் கை தட்டினார். கூடம் முழுக்கத் தட்டியது. எனக்காக இல்லை என்று தெரியும். எனக்காக இல்லாததுதான் நன்றாக இருந்தது.

விசாரணை ரத்து. என் பழைய அறிக்கையை வாபஸ் வாங்கி, ஜனவரி நாலாம் தேதி நான் போட்ட சிவப்புக் கோட்டையும் சேர்த்துப் புதிது எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. வரட்டும்.

நீ சொன்னது சரி. விதி ஒரு ஆளையும் காட்டவில்லை. நான்தான் அதன் வாயில் ஆளைத் திணித்தேன். ஆனால் அதை விட்டிருந்தாலும் கெட்டிருப்போம். நீ முதலில் கேட்ட அந்த ஒரு வரியை அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தால், மாப்பிள்ளை கூடத்துக்குத் திரும்பியிருப்பார், அந்தக் குழாய்க்குக் கீழேயே நின்றுகொண்டிருப்பார்.

கீழே இருப்பதை நீலப் பென்சிலில் எழுதியிருக்கிறேன், கவனி. இன்னும் செய்யவில்லை, செய்ய வேண்டும்.

*மாப்பிள்ளை, நான் உங்களைத் திருடன் என்று எழுதினேன். என்னை மன்னிக்க வேண்டும்.*

அண்ணன்


மார்ச் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

(ஸ்டாக் வந்துவிட்டது. லாரி நிறைய.)

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். நீல வரியை மூன்று தடவை படித்தார். "சாப்பாடு ஆறுது" என்றேன். கேட்கவில்லை. பிறகு எழுந்து போய், எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். "டீச்சர், அன்னைக்கு லீவுன்னு சொன்னேன், அது லீவு இல்ல" என்று ஆரம்பித்து, குழாய், தகடு, நூற்றுப் பதினொரு பை வரைக்கும் சொன்னார். அந்த அம்மா குக்கரை அணைத்துவிட்டு வந்து கேட்டார்.

திரும்பி வந்து சொன்னார்: "உங்கண்ணன் நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா நீலத்துல இருக்கு. நீலம்னா இன்னும் நடக்கலைன்னு அவரே சொல்றார். நான் வேலைக்குப் போற அன்னைக்கு, கூடத்துல, பதினெட்டு பேர் முன்னாடி. அப்புறம் சிவப்பு ஓட்டிக்கட்டும்."

கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார்.

என் ஆராய்ச்சியில் நாலாம் அத்தியாயம் ஒரு வருஷமாக உட்கார்ந்துகொண்டிருந்தது. நேற்று மட்டும் பதினோரு பக்கம். உதாரணத்துக்கு ஒரு குழாய் வருகிறது. என்ஜினீயர் பெயர் போடவில்லை, பயப்படாதே. கொள்கை பல்பு எரிக்குமா என்று கேட்ட ஒரு முட்டாள் என்று மட்டும் இருக்கிறது.

அவர் நாளை இரவு பஸ்ஸில் கிளம்புகிறார், இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. ஷூ ஏற்கனவே போட்டாயிற்று.

தங்கை


மார்ச் 25

அன்புள்ள தங்கைக்கு,

சிவப்புப் பென்சிலில் எழுதுகிறேன். எல்லாம் கண்ணால் பார்த்தது.

காலை ஆறு மணி ஷிப்ட். பதினெட்டுப் பேரும் மெஷின் போடாமல் நின்றார்கள். மாப்பிள்ளை உள்ளே வந்தார், சட்டையில் ஒரு மடிப்பு இல்லை. நான் நடுவில் நின்று சொன்னேன். மூன்று வாக்கியம்.

சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "மச்சான், இப்ப உங்க கணக்குல நான் எத்தனை கிலோ?"

"ஐம்பத்தாறு," என்றேன். "அதுவும் என் தங்கை சொன்னது. நான் எடை போட்டுப் பார்க்கலை."

தையல் மெஷின் அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய தராசில் ஏற்றிவிட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஐம்பத்தேழு. வீட்டில் உட்கார்ந்து ஒரு கிலோ போட்டிருக்கிறார். எங்கே போயிற்று என்று தேடிய பவுடரை எல்லாம் கண்டுபிடித்தாயிற்று, இது எங்கிருந்து வந்தது என்று நீதான் சொல்ல வேண்டும்.

பிறகு அவரும் நானும் ஏணி போட்டு மேலே ஏறினோம். டேக் கழற்றிய தகடு, புது வெல்டர், சுற்றிலும் பற்றவைப்பு. அவர் விரலால் ஒரு சுற்றுத் தடவினார். நான் தடவினேன். கீழே இறங்கி வரைபடத்தில் என் பழைய கோட்டின் மேலேயே மறுபடி சிவப்பு ஓட்டினேன். பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மணி பத்து. கூரை முனகவில்லை. அடுக்கில் ஒன்றரைப் பை கூடுதலாக நிற்கும், மாலையில் எண்ணுவோம்.

நாளை மறுநாள் இது உன் கைக்கு வரும். அன்று மாலை ஏழு மணிக்கு அடிக்கிறேன். எடு.

அண்ணன்